எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்காக யாரிடம் போவது?

கேள்வி இதுதான். ஒருவருடைய தங்கை வேறொரு நாட்டில் வாழ்கிறார். மனநலம் பாதிக்கப்பட்டு அங்கே மருத்துவமனையில் இருக்கிறார். கணவர் இரண்டு வருடம் முன்பே பிரிந்து போய்விட்டார். இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. 7 வயதும் 4 வயதுமான இரண்டு பிள்ளைகளையும் அந்நாட்டுக் குழந்தைகள் நலத்துறை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருக்கிறது. சொந்த நாட்டில் இருக்கும் பாட்டியும் மாமாவும் வளர்க்கத் தயார். தூதரகத்தில் கேட்டால் "அது அந்த நாட்டின் உள்விவகாரம்" என்கிறார்கள். எல்லை தாண்டி வேலை செய்யும் சமூக சேவை என்று ஏதாவது உண்டா, உண்டென்றால் அவர்களால் என்ன செய்ய முடியும் என்று அந்த மாமா கேட்கிறார்.

உண்டு. நூறு வருடமாகவே உண்டு. நானும் அந்த வகை வேலையில் சில வருடங்கள் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அந்தச் சேவையில் இருப்பவர்கள் யாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் விடமாட்டார்கள். பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று தீர்மானிப்பது அவர்கள் வாழும் நாட்டின் நீதிமன்றம். அந்த நீதிபதி உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. உங்கள் வீடு எப்படி இருக்கும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், நீங்கள் என்ன மாதிரி மனிதர், எதுவும் தெரியாது. அவர் மேசையில் இருக்கும் ஃபைலில் உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். அந்த ஃபைலுக்குள் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தச் சேவையின் வேலை. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த வரையில் வழக்குகள் தோற்றது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு சமூகப் பணியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய அதிகாரம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். இன்னொரு நாட்டில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்க அவருக்கு உரிமை கிடையாது, மொழியும் தெரியாது. ஆகவே அந்த நாட்டில் இருக்கும் இன்னொரு பணியாளரைக் கேட்டுக்கொள்கிறார்: இந்த முகவரிக்குப் போய்ப் பாருங்கள், இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். இப்படி இரண்டு பக்கத்தையும் கோத்துவிடுவதற்கென்றே இருக்கும் பழைய அமைப்பு சர்வதேச சமூக சேவை. ஐஎஸ்எஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். தலைமையகம் ஜெனீவாவில். முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுவிட்டு நாடு போய்க்கொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் படும் பாட்டைப் பார்த்து, இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம் 1920-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பணிதான் இதன் வேர். 1924-இல் சர்வதேசப் புலம்பெயர்வுச் சேவை என்ற பெயரில் தனி அமைப்பாகி, 1946-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்குக் கிளைகளோ, உறுப்பு அமைப்புகளோ, கூட்டாளிகளோ இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இதே பெயரில் தேடக்கூடாது. பிரிட்டனில் அதன் உறுப்பு அமைப்பு 'சில்ட்ரன் அண்ட் ஃபேமிலிஸ் அக்ராஸ் பார்டர்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. சில நாடுகளில் அரசின் குழந்தைகள் நலத்துறையே அந்தப் பொறுப்பைப் பார்க்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளைகளின் கேஸை நடத்தும் சமூகப் பணியாளருக்கு எழுத வேண்டும். தூதரகத்துக்கு இல்லை, அமைச்சருக்கும் இல்லை. அவர் பெயர் தெரியாவிட்டால் தங்கை இருக்கும் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைக் கேட்டால், நோயாளியின் விவரத்தைச் சொல்ல முடியாது என்று மறுத்தாலும், உங்கள் கடிதத்தையாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். நீங்கள் யார், பிள்ளைகளுக்கு என்ன உறவு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் அல்லது பேசினீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். முக்கியமாக "எங்களைப் பாதுகாவலர்களாகப் பரிசீலிக்கும்படி கேட்கிறோம், அதற்காக எங்கள் வீட்டை ஆய்வு செய்ய ஒப்புக்கொள்கிறோம்" என்ற வாக்கியம் இருக்க வேண்டும். உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்களின் நகலை இணைத்துவிடுங்கள். பாட்டி, தங்கை, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் தாளில் தொடர வேண்டும். பிள்ளைகளுக்கென்று அங்கே வழக்கறிஞரோ நீதிமன்றம் நியமித்த பிரதிநிதியோ இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? பல நாட்டு ஃபைல்களில் ஆரம்பத்திலேயே "உறவினர் யாரும் இல்லை" என்று ஒரு வரி விழுந்துவிடும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, அம்மா பேசும் நிலையில் இல்லை, அவ்வளவுதான். அந்த வரியை யாராவது திருத்தும் வரை கேஸ் அந்த வழியிலேயே போகும். அப்புறம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2014-ஆம் வருடச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்குகளை 26 வாரங்களுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1997-ஆம் வருடச் சட்டப்படி, ஒரு பிள்ளை கடந்த 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையை முடித்துவைக்க அரசே மனுப் போட வேண்டும். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதில் விலக்கு அளிக்கலாம். பிள்ளை வருடக்கணக்கில் வீடு மாறி வீடு மாறி அலையக் கூடாது என்பதற்காக வந்த விதிகள் இவை, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு நாட்டிலிருந்து வரவேண்டிய ஆய்வு அறிக்கை மாதக்கணக்கில் இழுக்கும். அறிக்கை வந்து சேரும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்ட கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

தூதரகம் சொன்னது பாதி சரி. தீர்ப்பில் அவர்களால் தலையிட முடியாது. ஆனால் 1963-ஆம் வருட வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 37-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சிறுவருக்குப் பாதுகாவலர் நியமிக்க வேண்டிய நிலை வந்தால், அந்த விவரம் கையில் இருக்கும் அதிகாரிகள் சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தன் நாட்டுச் சிறுவர்களின் நலனைக் காப்பது தூதரகப் பணிகளில் ஒன்று என்று அதே உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவும் சொல்கிறது. பிள்ளைகளுக்கு உங்கள் நாட்டுக் குடியுரிமை இருந்தால் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைக்கும் பதில் வேறு, எழுத்துக்குக் கிடைக்கும் பதில் வேறு. பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை மட்டும்தான் என்றால் இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, வீட்டாய்வுக்கு வருவோம். குடும்பங்கள் அதிகம் பயப்படுவதும் அதிகம் சொதப்புவதும் இதில்தான்.

ஒரு நாள் ஒரு பணியாளர் உங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு மூன்று தடவைகூட வரலாம். அடையாள அட்டை, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று எல்லாம் கேட்பார். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவரோடும் தனித்தனியாகப் பேசுவார். வீடு பெரிதா சின்னதா என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு முக்கியம் இல்லை. பிள்ளை எங்கே படுக்கும், காய்ச்சல் வந்தால் எங்கே கூட்டிப் போவீர்கள், எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், அந்தப் பள்ளியின் மொழி தெரியாத பிள்ளையை என்ன செய்வார்கள் என்று விசாரித்தீர்களா, இதையெல்லாம்தான் கேட்பார்.

ஒரு தாத்தா வீட்டாய்வுக்கு முந்தின வாரம் வீடு முழுக்கப் பெயின்ட் அடித்துவிட்டார். பாவம், மரியாதைக்குச் செய்தார். பணியாளர் எழுதியது: "வீடு சுத்தமாக இருக்கிறது. புதுப் பெயின்ட் வாடை வருகிறது. பிள்ளைக்கென்று எந்த ஏற்பாடும் கண்ணில் படவில்லை." அந்தப் பணத்தில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் வாங்கிப் போட்டிருந்தால் அறிக்கையின் தொனியே வேறாக இருந்திருக்கும். எங்கோ ஒரு நாட்டில் அந்தத் தாளைப் படிப்பவருக்கு, இந்த வீட்டில் என் பொறுப்பில் இருக்கும் பிள்ளை படுத்துத் தூங்குவது போல ஒரு காட்சி கிடைக்க வேண்டும். சுவரின் நிறம் அந்தக் காட்சியைத் தராது.

மறைக்காதீர்கள். பாட்டிக்குச் சர்க்கரை நோய், மாமாவுக்கு ஒருமுறை வேலை போனது, குடும்பத்துக்குள் சொத்துத் தகராறு, இவையெல்லாம் எப்படியும் வெளியே வரும். நோய் இருப்பது பெரிய குறை ஆகாது. நோய்க்கு என்ன வைத்தியம், பாட்டிக்கு முடியாமல் போனால் அடுத்து யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லாததுதான் குறை. உங்கள் கேஸில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 4 வயதுப் பிள்ளைக்கு இன்னும் 14 வருடம் ஆள் வேண்டும். ஆகவே பாட்டியின் பெயரில் மட்டும் விண்ணப்பிக்காமல் மாமாவும், அவருக்கு மனைவி இருந்தால் அவரும் சேர்ந்து நிற்பது நல்லது. அந்த அத்தையின் விருப்பத்தைத் தனியாகக் கேட்பார்கள். அவர் தயங்கினால் அதுவும் அறிக்கையில் ஏறும், ஏற வேண்டியதும்தான்.

அடியைப் பற்றி ஒரு வார்த்தை. "அடிச்சு வளர்த்தோம், நல்லாத்தானே வந்திருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லும் தாத்தா பாட்டிகள் நிறைய. ஸ்வீடன் 1979-இலேயே பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது; அதன் பிறகு 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதே வழியில் போயிருக்கின்றன. அந்த மாதிரி நாட்டு நீதிபதி அந்த ஒரு வரியைப் படித்தால் மற்ற இருபது பக்கமும் காணாமல் போகும். நடிக்கச் சொல்லவில்லை. கண்டிப்பு என்றால் உங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அடிக்க மாட்டோம் என்றால் நிஜமாகவே அடிக்காமல் இருங்கள். அம்மாவைப் பிரிந்து, மொழி புரியாத வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி இன்னொரு வீட்டுக்கு வரும் பிள்ளை முதல் சில மாதங்கள் படுக்கையை நனைக்கும், கத்தும், சாப்பிட மறுக்கும். அதற்குக் கை ஓங்குகிறவர்களால் அந்த மாதங்களைத் தாண்ட முடியாது.

மொழிபெயர்ப்பில் கவனம் வேண்டும். ஒரு பாட்டி, "ராத்திரி மருந்து குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்று சொன்னார். அறிக்கை அந்த நாட்டு மொழிக்குப் போனபோது மருந்து எங்கோ கழன்று விழுந்துவிட்டது. குடித்தால்தான் தூக்கம் வரும் என்று மட்டும் நின்றது. அது திருத்தப்படுவதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். எல்லா இடத்திலும் தரமாட்டார்கள், ஆனால் கேட்பதில் தப்பில்லை. உங்கள் பகுதியையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் ஆய்வைக் கேட்ட அந்த நாட்டுத் துறையே கட்டிவிடும். "உள்ளே ஆள் இருக்கு, சாதகமான ரிப்போர்ட் வாங்கித் தரேன்" என்று யாராவது வந்தால் அவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

அறிக்கைக்குக் காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு தொடர்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்: வாரம் ஒரு வீடியோ கால், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம். சட்டத்தைவிட மொழிதான் இதில் பெரிய காரணம். 4 வயதுப் பிள்ளை வேறு மொழி பேசும் வீட்டில் இருந்தால் தாய்மொழியைச் சில மாதங்களிலேயே உதறிவிடும். ஒரு வருடம் கழித்துப் பாட்டி போன் செய்தால் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்காது. "பிள்ளைக்கு உறவினரோடு பேசும் மொழியே இல்லை" என்று அப்புறம் அதையே ஒரு காரணமாக எழுதுவார்கள். 7 வயதுப் பிள்ளை ஓரளவு தாங்கும். சின்னதுக்காகவே வாராவாரம் பேசுங்கள்.

அழைப்பின்போது ஒரு பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். எதிரே அழாதீர்கள். அழுகை வந்தால் மாமா போனை வாங்கிக்கொள்ளட்டும். "சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்க்கும். வளர்ப்புக் குடும்பத்தைப் பற்றிக் குறை பேசவும் வேண்டாம். இப்போதைக்கு அவர்கள்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்கள். அதேபோல, ஆத்திரத்தில் பிள்ளைகளின் படத்தைப் போட்டு "எங்கள் பிள்ளைகளைப் பறித்துவிட்டார்கள்" என்று வாட்ஸாப்பில் சுற்ற விடாதீர்கள். அரசின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்குப் பல நாடுகளில் சட்டப்படியே தடை இருக்கிறது. அந்தப் படம் நாளைக்கு உங்களுக்கு எதிரான ஆதாரமாக வந்து நிற்கும்.

இனி அந்தக் காணாமல் போன அப்பா. அவர் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நீதிமன்றத்துக்கு அப்படி விட முடியாது. அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தால் அவருக்குத் தகவல் போக வேண்டும், குறைந்தபட்சம் தேடிப் பார்த்தோம் என்ற பதிவாவது வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து அவர் வந்து "என்னைக் கேட்கவே இல்லையே" என்று எல்லாவற்றையும் கலைத்துவிட முடியும். ஐஎஸ்எஸ் போன்ற அமைப்புகளால் இந்தத் தேடலைச் செய்ய முடியும். பலர் இதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகிறார்கள். அங்கே இருக்கும் குடும்பத் தொடர்பு மீட்புப் பணி அருமையான பணி, ஆனால் அது போர், பேரிடர், புலம்பெயர்வு ஆகியவற்றில் பிரிந்தவர்களுக்கானது. குடும்பத்தை விட்டுத் தானாகப் போனவரைத் தேடுவதையோ வழக்குக்காக ஆள் பிடிப்பதையோ அவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு இடத்திலும் ஒரு விதி பொது: ஆள் கிடைத்தாலும் அவர் சம்மதிக்காமல் முகவரியை உங்களுக்குத் தரமாட்டார்கள். கிடைத்தவரிடம் போய் "உங்களைத் தேடுகிறார்கள், சொல்லலாமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் அவ்வளவுதான். கடுமையாகத் தெரியும். ஆனால் தேடப்படுகிறவர்களில் அடிக்குப் பயந்து ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

தேடுவதற்குக் கொடுக்கும் தகவலில் பெயர்தான் அதிகம் காலை வாரும். 1914-இல் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் போர்க்கைதிகளுக்கென்று ஒரு தேடல் முகமையைத் தொடங்கியது. கணினி இல்லாத காலத்தில் அங்கே சேர்ந்த அட்டைகள் ஏறத்தாழ 70 லட்சம். ஒரே பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுவது அந்தக் காலத்திலிருந்தே தலைவலிதான். நாஜிக் கொடுமையில் சிதறியவர்களின் ஆவணங்கள் இருக்கும் ஜெர்மனியின் ஆரோல்சென் காப்பகத்தில், பெயர் அட்டைகளை எழுத்துப்படி மட்டும் அடுக்காமல் ஒலிப்படியும் அடுக்கி வைத்தார்கள். காதால் கேட்டு எழுதின பெயரைக் காதை வைத்தே தேட வேண்டும் என்ற யோசனை. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகங்களில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், முதலெழுத்தாகச் சுருங்கும். ஒவ்வொரு நாட்டுப் படிவமும் அதை ஒவ்வொரு கட்டத்தில் போடும். ஆகவே அவருடைய பெயரைத் தெரிந்த எல்லா வடிவத்திலும் எழுதிக் கொடுங்கள். கூடவே பிறந்த தேதி, அம்மாவின் பெயர், பழைய முகவரிகள், எந்தத் தொழில், யாரோடு வேலை செய்தார் என்பதும் வேண்டும். கல்யாணப் படத்தைவிடச் சமீபத்தில் எடுத்த படம் உதவும்.

உறவில் யாராவது ஒருவர் நிச்சயம் இந்த யோசனையைச் சொல்வார்: "டூரிஸ்ட் விசாவில் போ, பிள்ளைகளைப் பார்க்கணும்னு சொல்லு, கூட்டிக்கிட்டு விமானம் ஏறிடு." தயவுசெய்து வேண்டாம். 1980-ஆம் வருட ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கை பெற்றோருக்கிடையிலான சண்டைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையை வைத்து வளர்க்கும் காவல் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தாலும் அதை மீறிப் பிள்ளையைக் கொண்டுபோவது அதன் கீழ் வரும். குழந்தைகள் நலத்துறையும் அப்படி ஒரு நிறுவனம்தான். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டால், ஆறு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் தாமதத்துக்கு விளக்கம் கேட்கலாம் என்ற வேகத்தில் ஓடும் நடைமுறை அது. யாரிடம் பிள்ளை வளர்வது நல்லது என்ற கேள்வியே அங்கே எழாது. பிள்ளை வாழ்ந்த நாட்டுக்கு அனுப்பு, மற்றதை அங்கே பேசிக்கொள் என்பதுதான் அதன் அடிப்படை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறுகலானவை. உங்கள் நாடு அதில் இல்லாவிட்டாலும் அந்த நாட்டில் உங்கள் மேல் குற்ற வழக்கு இருக்கும், தங்கையைப் பார்க்கக்கூட மறுபடி அங்கே கால் வைக்க முடியாது.

நேர்வழியில் பிள்ளைகள் வருவதற்கும் ஒரு உடன்படிக்கை இருக்கிறது, 1996-ஆம் வருட ஹேக் குழந்தைப் பாதுகாப்பு உடன்படிக்கை. இரண்டு நாடும் அதில் இருந்தால் ஒவ்வொன்றிலும் மத்திய அதிகார அமைப்பு என்று ஒரு அலுவலகம் இருக்கும். அவை நேரடியாகப் பேசிக்கொள்ளும். பிள்ளையை வெளிநாட்டில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திலோ இல்லத்திலோ விட நினைக்கும் நாடு, அதன் 33-ஆவது பிரிவுப்படி முதலில் அந்த வெளிநாட்டைக் கலந்து, காரணங்களோடு பிள்ளையைப் பற்றிய அறிக்கையை அனுப்பி, சம்மதம் வாங்க வேண்டும். உறவினர் வீட்டுக்கும் இது பொருந்துமா என்பதில் நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும், வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டில் ஒரு நாடு இல்லாவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. அப்போதுதான் ஐஎஸ்எஸ் மாதிரியான வலையமைப்புக்கு வேலையே அதிகம். அங்கே கிடைத்த காவல் உத்தரவை உங்கள் நாட்டு நீதிமன்றம் ஏற்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்காவிட்டால் பிள்ளை வந்து இறங்கிய பிறகு பள்ளியில் கையெழுத்துப் போடக்கூட உங்களுக்கு அதிகாரம் இருக்காது. விசா, குடியுரிமை எல்லாம் தனிப் பாதை. சமூகப் பணியாளர் ஆதரவுக் கடிதம் தரலாம், விசா தர முடியாது.

வேறு வகையில் பிரிந்த குடும்பங்களுக்கும் இரண்டு வரி. அகதி முகாமில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் நலன் ஆய்வு செய்து குடும்பத்தோடு சேர்க்கப் பார்க்கும். ஐரோப்பாவில் தனியாகத் தஞ்சம் கேட்ட பிள்ளை, விசாரணை முடிவதற்குள் 18 வயதைத் தாண்டிவிட்டால் பெற்றோரை அழைக்கும் உரிமை போய்விடுமா என்று பெரிய குழப்பம் இருந்தது. போகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சொன்னது. ஆனால் தஞ்சம் கிடைத்ததிலிருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரிடமிருந்து பராமரிப்புத் தொகை வாங்க 1956-ஆம் வருட ஐ.நா. உடன்படிக்கையும் 2007-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையும் இருக்கின்றன. உங்கள் மச்சான் அகப்பட்டால் அவையும் பயன்படலாம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் அதிகம் வராத ஒருவர்: தங்கை. அவர் இறந்துவிடவில்லை. சிகிச்சையில் இருக்கிறார், குணமாகி வெளியே வரலாம். அன்றைக்குப் பிள்ளைகள் வேறொரு நாட்டில் இருந்தால் அவருக்கு என்ன மிச்சம்? பிள்ளைகளை அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லதா, சொந்தங்களிடம் அனுப்புவது நல்லதா என்ற கேள்வியில்தான் அந்தச் சமூகப் பணியாளர் உங்களை முதலில் சோதிப்பார். சில கேஸ்களில் பாட்டி சில மாதம் அங்கேயே போய்த் தங்கிப் பார்த்துக்கொள்வது மூன்றாவது வழியாக இருந்திருக்கிறது. தங்கை தெளிவாகப் பேசும் நாட்களில் அவருடைய விருப்பத்தை மருத்துவரின் முன்னிலையில் எழுத்தில் வாங்கி வைக்க முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். பிள்ளைகள் உங்களிடம் வந்தால் அம்மாவோடு எப்படிப் பேசுவார்கள், வருடத்துக்கு எத்தனை முறை பார்ப்பார்கள், அவர் குணமாகித் திரும்பக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் பேசி முடிவு செய்து, அதையும் அந்த முதல் கடிதத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.